பழைய சென்சாரைப் புதுசு என்று விற்றுவிட்டார்கள், 7,400 ரூபாய் போச்சு

கடைசியாக அந்தக் கடைக்குப் போய்த் திரும்பியது நேற்று சாயங்காலம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் பழைய வண்டி வைத்துச் சொந்தமாக வேலை பார்த்துக்கொள்பவர்கள் கட்டாயம் படியுங்கள். சென்சார் வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது 2014 மாடல் காமன் ரயில் டீசல் மினி லாரி, அதாவது எப்போது எவ்வளவு டீசல் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்யும் என்ஜின். தேங்காய் ஏற்றிப் பொள்ளாச்சி போய் வரும். மஞ்சள் செக் லைட் எரிய ஆரம்பித்தது. என்ஜின் சூடானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகும். அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி ஸ்டார்ட் ஆகும். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பி0335 என்ற கோளாறு எண் (code, நாங்கள் கோடு என்போம்). கிராங்க் சென்சார் சர்க்யூட். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தைப் பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான், அது நின்றால் இன்ஜெக்டர் டீசல் விடாது.

பாலக்காட்டுப் பக்கம் லாரி ஸ்பேர்ஸ் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பார்ட் நம்பர் போட்டோவைக் காட்டியதும் கடைக்காரர், "அண்ணா எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, என் மாமனார் ஊரு எருத்தேன்பதிதாண்ணா, நம்ம ஆளு நீங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வரவழைத்தார். "கிராங்க் மட்டும் மாத்தினா லைட் திரும்ப வரும், கேம் சென்சாரும் ஜோடியா மாத்திடுங்க, உங்களுக்குன்னு 7,400 போடறேன்" என்றார். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும், எதுக்குண்ணா வீணா? ஏதாவதுன்னா நான் இங்கதானே இருக்கேன்." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் போனை எடுத்து ஸ்கேன் செய்து 7,400 ரூபாயை அனுப்பினேன். டீசல் போக நாலு நடையில் எனக்கு மிஞ்சுகிற காசு அது.

மறுநாள் விடியற்காலை செல்போன் டார்ச் வெளிச்சத்தில் ரெண்டையும் மாட்டி, ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்தேன். லைட் அணைந்தது. மூன்றாம் நாள் கோபாலபுரம் வருவதற்குள் லோடோடு நடுரோட்டில் நின்றது வண்டி. மறுபடி அதே பி0335.

ஓரம் கட்டி, வாங்கின கிராங்க் சென்சாரைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. போல்ட் போகும் கண்ணைச் சுற்றி வாஷர் அழுத்திய வட்டத் தழும்பு. நான் ஒரு தடவை மாட்டினதுக்கு அவ்வளவு ஆழமாக விழாது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல். ஓ ரிங் ரப்பர் வளையம் கல் மாதிரி இறுகியிருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் சூட்டில் ரீடிங்கே இல்லை. டூல் பாக்ஸில் கிடந்த என் பழைய சென்சார் 870 ஓம் மின்தடை காட்டியது. அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது! அப்புறம் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஃப்ளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கிளாம்பில் உரசி உறை கிழிந்து செம்பு தெரிந்தது. டேப் சுற்றி, ஸ்லீவ் போட்டு, பழைய சென்சாரையே மாட்டினேன். இன்று வரை லைட் வரவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள் "லோடு இறக்கறேன், அப்புறம் கூப்பிடறேன்." ரெண்டாம் நாள் பையன் எடுத்து "முதலாளி இல்ல" என்றான், பின்னாலேயே அவர் குரல் கேட்டது. நேற்று நேரில் போனேன். "அண்ணா" போய் "சார்" ஆகியிருந்தது. "நீங்களே மாட்டினீங்கல்ல சார்? வயர் ஷார்ட்ல எரிஞ்சிருக்கும். எலக்ட்ரிகல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது." தழும்பைக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தியதும் மலையாளத்துக்கு மாறி, "பற்றில்ல சேட்டா" (முடியாது அண்ணா) என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். சொந்தமாக வேலை தெரிந்தவன் என்பதையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், ஆனால் கையில் இருப்பது 7,400 ரூபாய் அனுப்பின ரசீது மட்டும்தான், பில் இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், காலை நாலு மணிக்கு லோடு ஏற்றணும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கேனர் கோடு காட்டுவது வயரும் சேர்ந்த முழு சர்க்யூட்டை, சென்சாரை மட்டுமல்ல. முதலில் வயரைச் செருகும் கப்ளரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, வயர் உரசியிருக்கிறதா பாருங்கள். ரெண்டு வயர் கிராங்க் சென்சார் என்றால் ஓம் பார்க்கலாம், மூன்று வயர் ஹால் டைப்பில் அப்படிப் பார்க்காதீர்கள். வாங்கும்போது கடையிலேயே டப்பாவைப் பிரித்து, போல்ட் கண்ணையும் தேதியையும் வெளிச்சத்தில் பாருங்கள். பில் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள். சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் ஸ்கேனரெல்லாம் அப்புறம், உடனே என்ஜினை நிறுத்துங்கள்.

அந்த ரெண்டு சென்சாரும் டேஷ்போர்டில்தான் கிடக்கின்றன. திங்கட்கிழமை மல்டிமீட்டரோடு மறுபடி போகிறேன். அவருடைய கல்லா மேஜையிலேயே வைத்து அளந்து காட்டப்போகிறேன்.