வீட்டு போனில் அம்மா பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள்: பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

பகலில் அம்மாவோ அப்பாவோ தனியாக இருந்து வீட்டு போனை எடுக்கும் குடும்பமா உங்களுடையது? அப்படியென்றால் இதை முழுசாகப் படியுங்கள். எங்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் நான் எழுதுவது பணத்தைப் பற்றி அல்ல.

அம்மா சிங்கப்பூரில், அங் மோ கியோவில் எங்களோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறார். கைப்பேசி உண்டு, ஆனால் அதில் வரும் பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பதோடு சரி. திருச்சியில் இருக்கும் சித்தியோடு, ஈசூனில் இருக்கும் மாமியோடு, கோயில் தோழிகளோடு பேசுவதெல்லாம் 6இல் தொடங்கும் அந்தப் பழைய வீட்டு எண்ணில்தான்.

அந்த எண்ணுக்கு ஒரு பெண் கூப்பிட ஆரம்பித்தாள். நல்ல தமிழ். "அம்மா, சாப்பிட்டாச்சா? முட்டி வலி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பாள். மூத்தோர் உடல்நலம் பற்றி ஒரு கருத்தாய்வு செய்கிறோம் என்று சொல்லித்தான் முதலில் பேசியிருக்கிறாள். எங்கள் வட்டாரத்தில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு இலவசமாக ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அங்கே அம்மா நிரப்பிய தாளிலிருந்துதான் பெயரும் எண்ணும் போயிருக்கின்றன. அதன் பிறகு அடிக்கடி பேச்சு. அம்மாவுக்குப் பொழுது போனது, அவளுக்கு வேண்டியது கிடைத்தது. எந்த மாத்திரை, மாதம் மசேநியிலிருந்து (மத்திய சேம நிதியிலிருந்து) எவ்வளவு வருகிறது, மகனுக்கு எந்த ஷிப்ட், நான் எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன், எல்லாம்.

கடைசியில், வலிக்கு ஒரு சூட்டு மெத்தையும் ஓராண்டுக்கான சத்து மாத்திரைகளும் இருக்கின்றன என்றாள். அம்மா சொன்ன பதில், "அனுப்பும்மா, பாக்குறேன்." மறுநாள் இரண்டு பையன்கள் வந்தார்கள். பெட்டியை இறக்கி, திரையில் கையெழுத்து வாங்கி, முன்பணமாக 300 வெள்ளியையும் (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மொத்த விலை 1,480 வெள்ளி.

ரத்து செய்வது நினைத்ததைவிட எளிது. நாம் வரச் சொல்லாமலே வீடு தேடி வந்து விற்றால், அந்த ஒப்பந்தத்தை 5 நாளுக்குள் ரத்து செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை அந்தக் கணக்கில் சேராது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009 முதல் இருக்கும் விதி இது. எழுத்தில் கொடுத்தோம். முன்பணத்தை வாங்கிக்கொள்ள நேரில் வாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் சின்ன அலுவலகம். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் இன்னும் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க அம்மாவே ஓகே சொல்லியிருக்காங்க, கேளுங்க" என்று முகப்பில் இருந்தவர் கணினியைத் திருப்பி ஒலியைக் கூட்டினார். அம்மாவின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. தமக்கு வேண்டிய இடத்தைத் தேடி அவர் தள்ளித் தள்ளிப் போட, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வீட்டு விஷயம் வெளியே வந்து விழுந்தது. மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவு. ராத்திரி எத்தனை முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது என்பது. பிறகு, "பெரியவனுக்குத் தெரியாதும்மா, மருமக காதுக்குப் போயிறக்கூடாது" என்று தொடங்கிய ஒரு பேச்சு. நாற்காலிகளில் இருந்தவர்களில் இருவர் தமிழர்கள். அம்மா கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றார். "நிறுத்துங்க" என்று நான் இரண்டாம் முறை கத்திய பிறகுதான் நிறுத்தினார்.

அம்மா இப்போது வீட்டு போனை எடுப்பதில்லை. சித்தி கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பணத்தை விட எனக்கு இதுதான் பெரிய இழப்பு.

பேச்சைப் பதிவு செய்கிறோம் என்று அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது, ரத்த அழுத்தம் பார்த்த இடத்தில் நிரப்பிய தாளின் அடியில் இருக்கிறது என்றார்கள். வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், "எங்களுக்கும் எங்கள் கூட்டாளி நிறுவனங்களுக்கும்" தொடர்புகொள்ள அனுமதி என்று இருந்தது. பதிவு என்ற பேச்சே இல்லை. அப்படியே இருந்திருந்தாலும், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஏமாற்றியோ தவறான தகவல் தந்தோ வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது. ரத்த அழுத்தம் பார்க்கத்தான் அம்மா பெயர் எழுதிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டு எண், விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்பவர்கள் பதிந்துகொள்ளும் 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டில், அதாவது டிஎன்சியில், இருக்கிறது. 2014 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தபோதே அண்ணன் பதிந்துவிட்டார். பிறகு எப்படி அழைப்பு வந்தது? இரண்டு ஓட்டைகள். வெறும் கருத்தாய்வு விற்பனை அழைப்பாகக் கருதப்படாது, அதனால் ஆய்வு என்று ஆரம்பிக்கிறார்கள். ஆய்வு என்ற பெயரில் பொருளை விற்றால் அது விற்பனை அழைப்புதான், பதிவேட்டைப் பார்க்காமல் கூப்பிட்டது தப்புதான். அடுத்தது, எழுத்தில் தெளிவான சம்மதம் கொடுத்தவரைப் பதிவேட்டில் இருந்தாலும் கூப்பிடலாம். அதற்குத்தான் அந்தத் தாள். அதிர்ஷ்டக் குலுக்கல், இலவசப் பரிசோதனை என்று எங்கே தாளை நீட்டினாலும், பெரியவர்கள் எழுதும் எண் இதற்காகவே வாங்கப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இந்த அலைச்சலில்தான் உணர்ந்தேன். நம் ஊரில் மோசடி அழைப்புகளைத் தடுக்கச் செய்தவற்றில் பல கைப்பேசியைச் சுற்றியே இருக்கின்றன. மோசடி அழைப்புகளைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்ட் செயலி கைப்பேசியில்தான் ஓடும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு முன்னால் 2020 முதல் கூட்டல் குறி காட்டுகிறார்கள், ஆனால் அதைப் பார்க்கத் திரை வேண்டுமே? அம்மாவின் போனில் திரையே இல்லை. மணி அடித்தால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டு போன் வைத்திருப்பவர்கள் முதலில் எண் காட்டும் கருவியை மாட்டுங்கள். அழைப்பவர் எண்ணைக் காட்டும் சேவை உங்கள் இணைப்பில் இருக்கிறதா என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள். சந்தேகமான அழைப்பு என்றால் மோசடி பற்றிய உதவி எண்ணான 1799க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இதே போல மாட்டிக்கொண்டவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது இது. பணம் வந்ததும் விட்டுவிடாதீர்கள். பதிவான குரலும் உங்கள் தனிப்பட்ட தகவல்தான். அதன் பிரதியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடந்த ஓராண்டில் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்றும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் எப்போது முடியும் என்றாவது அதற்குள் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும் என்பது சட்டம். முகப்பில் இருப்பவரோடு மல்லுக்கட்டாமல் அந்த அதிகாரிக்கு எழுதுங்கள். கோபத்தில் "உடனே அழித்துவிடு" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் பிரதி, பிறகு யார் யார் கேட்டார்கள் என்ற விவரம், அதன் பிறகு அழிப்பு. வரிசை மாறினால் கையில் ஆதாரம் இருக்காது.

நாங்கள் அப்படித்தான் கேட்டோம். பணத்தைக் கொடுத்துவிட்டு, பதிவை அழித்துவிட்டோம் என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார்கள். பிரதி கேட்டு எழுதிய பிறகு அழித்தது ஏன், "கூட்டாளி நிறுவனங்கள்" யார், அவர்களிடம் என்ன போனது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. அதனால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்கிறோம். வியாபாரத் தகராறு மட்டும் இருப்பவர்கள் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் விசாரிக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அண்மையில் இப்படி ஏதாவது மேசையில் தாள் நிரப்பினார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். நாங்கள் அந்த அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் வாசகம் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.