கிறிஸ்தியான்சுண்டில் வெளியே சாப்பிடுவது: காசு எங்கே போகும், ருசி எங்கே கிடைக்கும்

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். தெற்கு நோர்வேயில் இருக்கும் கிறிஸ்தியான்சாண்ட் வேறு. நான் எழுதுவது மேற்குக் கரையில், நூர்மோரே பகுதியில், சில தீவுகளின் மேல் பரந்து கிடக்கும் கிறிஸ்தியான்சுண்ட் பற்றி. சனத்தொகை 24,000 அளவில். ஒஸ்லோவில் இருக்கும் சொந்தக்காரர்களே இரண்டையும் மாற்றித்தான் சொல்வார்கள். நான் இங்கே பல வருடமாக இருக்கிறேன், வேலை முதியோர் இல்லத்தில். கோடையில் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஆக்கள் வந்தால் முதல் நாளே கேட்பது, "இங்க நல்ல நோர்வே சாப்பாடு எந்த ரெஸ்ரோரண்டில கிடைக்கும்?" என்றுதான். பின்னேரம் ரெஸ்ரோரண்டுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்காது என்பதுதான் என் பதில். கேட்டவர் முகம் மாறும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன், இனி வருகிற ஆக்களுக்கு லிங்க்கை அனுப்பினால் போதும்.

இரவு ஏழு மணிக்கு துறைமுகப் பக்கம் நடந்தால் கண்ணில் படுவது பீட்சா, பேர்கர், சுஷி, தாய்லாந்துச் சாப்பாடு, கெபாப், அப்புறம் ஸ்டேக். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, சில இடங்களில் நன்றாகவே இருக்கும். ஆனால் நோர்வேக்காரர் தங்கள் பழைய சாப்பாட்டை வெளியே போய்ச் சாப்பிடுகிற பழக்கம் குறைவு. அவர்களுக்கு முக்கியச் சாப்பாடு மாலை நான்கு, ஐந்து மணிக்கு வீட்டில் முடிந்துவிடும். மதியத்துக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பாண் துண்டு, இடையில் மெழுகுத் தாள். வெளியே போவது பிறந்தநாளுக்கு, கலியாண நாளுக்கு, நவம்பர் டிசம்பரில் வேலைத்தலம் நடத்தும் யூலெபூர் என்ற நத்தார் விருந்துக்கு. ஆகவே ரெஸ்ரோரண்டுகள் வீட்டில் சமைக்காததைத்தான் விற்கும். நாமும் அப்படித்தானே, சோறும் பருப்பும் சாப்பிடக் கடைக்குப் போகிறோமா?

விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பின்னேரம் ஒரு மீன் சாப்பாடு 300 குரோனரில் தொடங்கி 400 வரை போகும், ஒரு கிளாஸ் பியர் 100 குரோனரைத் தொடும், நான்கு பேர் இருந்து சாப்பிட்டு எழுந்தால் அந்த மாதக் கணக்கில் தெரியும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: கடையில் இருந்து சாப்பிட்டால் வரி 25 சதவீதம், அதே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் 15 சதவீதம். அதனால் சில இடங்களில் இரண்டு விலை எழுதியிருக்கும். டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கார்ட் மெஷின் கேட்டால் பூச்சியம் அழுத்தலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பெரும்பாலும் காசில்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வாமை விபரம் எழுதி வைப்பது சட்டம், ஆகவே எந்தச் சாப்பாட்டில் கோதுமை, பால், கடலை இருக்கிறது என்று பயமில்லாமல் கேட்கலாம். பரிமாறுகிறவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். சில நேரம் அவர்களே அவசரப்பட்டால் நல்லது என்றும் தோன்றும்.

இந்த ஊரில் ரெஸ்ரோரண்டில் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டிய ஒன்று இருக்கிறது என்றால் அது பக்கலாவோ, அதாவது கிளிப்ஃபிஸ்க் என்ற உப்புக் கருவாட்டில் செய்யும் சாப்பாடு. இந்த ஊரே கிளிப்ஃபிஸ்கில் எழும்பிய ஊர். கொட் மீனை உப்பிட்டுக் காயவைத்தால் கிளிப்ஃபிஸ்க், உப்பே இல்லாமல் மரச்சட்டங்களில் காற்றில் தொங்கவிட்டால் டொர்ஃபிஸ்க், இரண்டும் வேறு வேறு சாமான். 1690களில் யாப்பே இப்பெஸ் என்ற ஒல்லாந்துக்காரர் இங்கே இந்தத் தொழிலைத் தொடங்கினார், 1742இல் ஊருக்கு நகர அந்தஸ்து கிடைத்தது, அதற்குப் பிறகு ஸ்பெயினுக்கும் போர்த்துக்கல்லுக்கும் கப்பல் கப்பலாக மீன் போனது. கடற்கரைப் பாறைகளில் மீனைப் பரப்பி, மழை வந்தால் ஓடிப்போய் அடுக்கி மூடி, வெயில் வந்தால் திரும்பப் பரப்பியது பெண்கள்தான், துறைமுகத்தில் அவர்களுக்கு ஒரு சிலை நிற்கிறது. இப்போது எல்லாம் கட்டடத்துக்குள் காற்று அடித்துக் காயவைப்பதுதான். மில்ன்பிரிக்கா என்ற பழைய மரக் கிட்டங்கியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, சாப்பிடப் போக முதல் அதைப் பார்த்துவிட்டுப் போனால் தட்டில் இருப்பதன் மேல் ஒரு மரியாதை வரும்.

சமையல் முறை கப்பல் திரும்பி வந்த வழியில் வந்தது. ஊறவைத்த மீன், வட்டமாக வெட்டிய உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, ஒலிவ் எண்ணெய், கொஞ்சம் மிளகாய், எல்லாவற்றையும் அடுக்கு அடுக்காக வைத்து மெல்லிய நெருப்பில் விட வேண்டும், கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டலாம். நோர்வேயின் பழைய சாப்பாடுகளில் உறைப்பு என்ற சொல்லை வாய் கூசாமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவருக்கு முதல் வாயிலேயே பிடித்துப் போகும், எனக்கும் அப்படித்தான். மீன் மசிந்து போகாமல் இதழ் இதழாகப் பிரிய வேண்டும், எண்ணெய் மேலே செந்நிறமாக நிற்க வேண்டும், உருளைக்கிழங்கு உடையாமல் வெந்திருக்க வேண்டும். பழைய கொல்லன் பட்டறைக் கட்டடத்தில் இருக்கும் ஸ்மியா மீன் ரெஸ்ரோரண்டில் நான் சாப்பிட்டவரைக்கும் இந்த மூன்றும் சரியாக இருந்தன. வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், மைக்ரோவேவில் சூடாக்கிய மாதிரி நடுவில் குளிர்ந்துபோய் வந்தது, மீனும் சரியாக ஊறாமல் உப்புக் கரித்தது. திருப்பிக் கொடுத்தேன், மறு பேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். இரண்டாவதும் அதே உப்பு.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: கிளிப்ஃபிஸ்கை ஒரு நாள், தடிப்பான துண்டென்றால் இரண்டு நாள், குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து இடையிடையே தண்ணீர் மாற்ற வேண்டும். ஊறவைத்ததே குளிரூட்டியில் விற்கிறார்கள், விலை கூட, ஆனால் வேலை மிச்சம். நான் கறிவேப்பிலையும் கொஞ்சம் பெருஞ்சீரகமும் போடுவேன். கூட வேலை செய்கிற நோர்வேக்காரி ஒருத்தி அதைச் சாப்பிட்டுவிட்டு இது பக்கலாவோ இல்லை என்றாள், ஆனால் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.

குறைந்த காசில் ஊர்ச் சாப்பாடு என்றால் ஃபிஷான். மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும், சுருட்டிய தாளில். ஆங்கிலேயரின் சாமான்தான், ஆனால் இந்த ஊர் ஆக்கள் தங்கள் சொந்தம் என்று சண்டைக்கு வருவார்கள். காற்றில்லாத நாளில் வாங்கிக்கொண்டு சுந்த்போட்டன் படகில் ஏறி விடுங்கள். தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றி இறக்கும் அந்தச் சின்னப் படகுச் சேவை 1876இலிருந்து ஓடுகிறது. ஆனால் கடற்காகங்கள் விஷயத்தில் கவனம், அவைக்கு வெட்கம் கிடையாது.

சரி, உண்மையான பழைய நோர்வேச் சாப்பாட்டை நான் எங்கே கற்றேன் என்றால், முதியோர் இல்லத்தில். அங்கே கிழமைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. வேலை நாட்களில் இரண்டு மூன்று தரம் மீன், சனிக்கிழமை பால் சோறு மாதிரியான அரிசிக் கஞ்சி, மேலே கறுவாவும் சீனியும் பட்டரும், ஞாயிறு இறைச்சியும் பிரவுண் சோஸும் பிறகு இனிப்பும். வியாழக்கிழமை பல். பல் என்பது துருவிய பச்சை உருளைக்கிழங்கும் மாவும் சேர்த்து உருட்டி, உப்பிட்ட இறைச்சி அவித்த தண்ணீரிலேயே அவிக்கும் உருண்டை. நூர்மோரேக்கு என்றே பிளாண்டாபல் என்று ஒரு வகை உண்டு, அதில் உருளைக்கிழங்கோடு அரைத்த மீனும் சேரும், பொரித்த பன்றித் துண்டும் அதன் நெய்யும் கரட்டும் பக்கத்தில் வரும். பார்வைக்குச் சாம்பல் நிறம், படம் எடுத்துப் போட்டால் ஒருவரும் லைக் போட மாட்டார்கள். முதல் தரம் சாப்பிட்டபோது கல்லை விழுங்கிய மாதிரி இருந்தது. இப்போது வியாழன் காலையிலேயே பசிக்கிறது. தொண்ணூறு வயது தாண்டிய ஒரு அம்மா, மற்ற நாள் ஒரு கரண்டி ஊட்டுவதே பெரும்பாடு, பல் என்றால் தானே முள்ளுக்கரண்டியை எடுத்துவிடுவார். வேகவில்லை, உப்புக் குறைவு என்று சமையல்காரருக்குத் தீர்ப்பும் சொல்லி அனுப்புவார்.

வெளியில் இருப்பவர் முதியோர் இல்லத்துக்குள் போய்ச் சாப்பிட முடியாதுதான், ஆனால் அதே சாப்பாடு கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. மதிய நேரத்தில் கஃபேக்களில், பெரிய கடைகளின் உணவுப் பகுதியில், தாக்கன்ஸ் என்று பலகையில் எழுதியிருக்கும் அன்றைய சாப்பாடு. 200 குரோனருக்கு முன்பின். வியாழன் என்றால் பல் இருக்கிறதா என்று கேளுங்கள். சுற்றிப் பார்த்தால் ஓய்வூதியக்காரர் கூட்டமாக இருக்க வேண்டும், அதுதான் நல்ல அடையாளம். பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், இரண்டு மணிக்குப் போனால் சட்டியின் அடிதான். மீன் கடை இருந்தால் சுடச்சுடப் பொரித்த ஃபிஸ்ககாக்கர் என்ற மீன் வடை வாங்கி நின்றபடியே சாப்பிடலாம், அதைவிட நல்ல மலிவுச் சாப்பாடு இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. தேவாலய மண்டபங்களிலும் பாடசாலை பஸார்களிலும் இதய வடிவ வாஃபல் விற்பார்கள், மேலே ஜாமும் புளித்த கிரீமும், இல்லையென்றால் பிரவுண் சீஸ். அந்தச் சீஸ் பால் திரிந்தபின் பிரிகிற தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி அதன் சீனி கருகும்வரை வற்றவைப்பது. 1863இல் அன்னே ஹோவ் என்ற பெண் அதில் கிரீம் சேர்த்துப் பார்த்ததில் வந்ததுதான் இன்றைய ருசி. பாணில் தடிப்பாக வைத்தால் திகட்டும், சீவியில் மெல்லிசாகச் சீவி வைக்க வேண்டும்.

கிழமையைப் போலவே மாதத்துக்கும் கணக்கு உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் கொட், ஸ்க்ரெய் என்பார்கள். அதன் சதை, ஈரல், சினை மூன்றையும் அவித்து உருளைக்கிழங்கோடு தின்பது மொல்யே. ஈரலை வெங்காயத்தோடு அவித்து மேலே ஊற்றுவார்கள். கொழுப்பு அதிகம், பிறகு நித்திரை வரும். எனக்கு இந்த ஊரில் வருடத்தில் ஒரே ஒரு சாப்பாடுதான் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், பக்கலாவோ கூட இரண்டாவதுதான். அந்தப் பருவத்தில் ரெஸ்ரோரண்டுகளும் செய்கின்றன, ஆனால் பெப்ரவரியில் ஒப்பரா விழா நடக்கிற நாட்களில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

செப்டெம்பரில் ஃபோரிகோல். ஆட்டிறைச்சி, கோவா, முழு மிளகு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். 1972இல் வானொலி நிகழ்ச்சியொன்று இதைத் தேசியச் சாப்பாடாகத் தேர்ந்தது, 2014இல் திரும்ப வைத்த தெரிவிலும் இதுவே வென்றது. செப்டெம்பரின் கடைசி வியாழன் இதற்கான நாள். மிளகை முழுசாகப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது அதை ஒதுக்கி வைக்கிறார்கள். நான் இடித்துப் போடுவேன்.

நத்தாருக்கு மேற்குக் கரையில் பின்னெஷொட், அதாவது உப்பிட்டு உலர்த்திய செம்மறி விலா எலும்பை ஒரு நாள் ஊறவைத்து, சட்டியடியில் பேர்ச் மரக் குச்சி அடுக்கி ஆவியில் வேகவைப்பது. வெந்தால் எலும்பு கையோடு வரும். நமக்கு இறைச்சி வத்தல் பழக்கம் இருப்பதால் இதில் அந்நியமாக ஒன்றும் இல்லை. லூட்டஃபிஸ்க் வேறு கதை. உலர்ந்த மீனைச் சாம்பல் நீர் மாதிரியான காரநீரில் ஊறவைத்து, பிறகு நாட்கணக்காகத் தண்ணீரில் கழுவி, கண்ணாடி மாதிரி நடுங்குகிற பதத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். மீனுக்கு ருசியே இல்லை, ருசி முழுவதும் பக்கத்தில் வரும் பன்றி நெய்யிலும் பட்டாணி மசியலிலும் கடுகிலும். விலையோ மீன் சாப்பாடுகளிலேயே உச்சத்தில். ஒருமுறை விருந்தில் வந்தால் சாப்பிடுங்கள், காசு கொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன்.

பழைய சாப்பாடு பழைய சாப்பாடு என்று எழுதிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: இளம் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை டாகோ, மற்ற நாள் குளிர்ப்பெட்டியில் கிராண்டியோசா பீட்சா. அந்தப் பீட்சா 1980இலிருந்து இதே மாகாணத்தில் ஸ்த்ரண்டா என்ற ஊரில் செய்யப்படுகிறது, ஆகவே அதையும் உள்ளூர்ச் சாப்பாடு என்றே சொல்லலாம் போலிருக்கிறது.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு நிலைமை அவ்வளவு நல்லதல்ல. பழைய நோர்வேச் சாப்பாட்டில் இறைச்சி மீன் இல்லாதது கஞ்சியும் வாஃபலும்தான், பிளாண்டாபல்லில் உருளைக்கிழங்கைத் தேடினால் மீன் வரும். தாய்லாந்துக் கடையோ பீட்சாக் கடையோதான் கைகொடுக்கும். கோடையில் வந்த என் சித்தி விரதக்காரி, மூன்று நாளும் வீட்டில் புட்டும் உருளைக்கிழங்குக் கறியும்தான். நான்காம் நாள் வாஃபல் சாப்பிட்டுவிட்டு, "தோசைக்கல்லை இப்படி இதயம் மாதிரிச் செய்ய இவங்களுக்கு யார் சொன்னது?" என்றார்.

வருகிறவர்கள் நாளைப் பார்த்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, கஃபேக்களும் பாதி பூட்டு, திங்களில் சில ரெஸ்ரோரண்டுகள் திறக்காது, திறந்தாலும் குசினி ஒன்பது மணிக்கே மூடும். பியர் வாங்குவதென்றால் கடைகளில் வார நாள் எட்டு மணி, சனி ஆறு மணியோடு சரி, 4.7 சதவீதத்துக்கு மேல் உள்ளதற்கு வின்மொனொபோலே என்ற அரசின் மதுக்கடை. பிந்தி வந்து இறங்கினால் பெற்றோல் நிலையத்தில் லொம்பே என்ற உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றித் தரும் சொசேஜ் கிடைக்கும். பொரித்த வெங்காயம் போடச் சொல்லுங்கள்.