யாழ்ப்பாணம் – திருச்சி ப்ளைட்: மலையகத்து ஆளுங்களுக்கு லாபமா?

திருச்சிக்கு இப்ப யாழ்ப்பாணத்துல இருந்தே ப்ளைட் இருக்குன்னு கேள்விப்பட்டதும் எங்க பக்கம் பலபேரு அதுலயே போயிரலாம்னு கெளம்புறாங்க, நான் போய்ட்டு வந்த ஆளு, அதனால சொல்றேன், ப்ளைட்ல ஒரு கொறையும் இல்ல ஆனா ஹட்டன், பொகவந்தலாவ, நுவரெலியா ஆளுங்களுக்கு இது குறுக்குவழி கெடையாது.

இண்டிகோ 2025 மார்ச் கடைசியில தொடங்குன சேவை இது. ஏடிஆர் 72, ரெக்கையில காத்தாடி வச்ச சின்ன பிளேன். யாழ்ப்பாண ஏர்போட் இருக்குற பலாலியில கட்டடமும் சின்னதுதான், பாஸ்போட்ல சீல் குத்தி வெளிய வந்தா தரையில நடந்தே போய் ஏறணும், கதவு வால் பக்கம் இருக்கு, முன்னால இருக்குறது சாமான் போடுற எடம். அதனால பின்சீட்டுக்காரங்கதான் மொதல்ல எறங்குவாங்க, இத தெரியாம நெறைய பேரு முன்சீட்டுக்கு அடிச்சிக்கிறாங்க. ரெக்கை தலைக்கு மேல இருக்குறதால ஜன்னல்ல கீழ நல்லா தெரியும், ஏறுன கொஞ்ச நேரத்துலயே கரை முடிஞ்சி கடல் வந்துரும். சத்தம் ஜெட்ட விட கூடத்தான், காதுல பஞ்சு வைக்கிற அளவுக்கெல்லாம் இல்ல.

இப்ப தூரக் கணக்கு. பலாலி – திருச்சி நேர்கோட்டுல ஏறக்குறைய 185 கிலோமீட்டர், கொழும்புப் பக்கத்து ஏர்போட்டான கட்டுநாயக்கா – திருச்சி 400க்கும் மேல. பாதிகூட இல்லயே, அப்ப நேரமும் பாதியாத்தானே இருக்கணும்? இல்ல, டிக்கட்ல ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலந்தான் போட்ருக்கு. (ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், அதனால டிக்கட்ல உள்ளத அப்புடியே கழிச்சிப் பாக்கலாம்.) ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுல பறக்குறது, கட்டுநாயக்காவுல ஏத்துறது ஜெட், 800 வரைக்கும் போகும். அதோட ஓடுபாதைக்கு உருண்டு போறது, மேல ஏறுறது, எறங்கி வந்து நிக்கிறது எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளதான் அடங்குது, தூரம் கொறஞ்சாலும் இதெல்லாம் கொறையாது.

ஆகாயத்துல லாபமே இல்ல, ரோட்டுல நட்டம் வேற. ஹட்டன்ல இருந்து கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை வழியா கட்டுநாயக்காவுக்கு வேன்ல நாலஞ்சு மணித்தியாலம். பலாலிக்குன்னா மொதல்ல கண்டிக்கு எறங்கணும், அங்க இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 ரோடு மட்டும் 320 கிலோமீட்டர் அளவு, மாத்தளை, தம்புள்ள, வவுனியா, கிளிநொச்சின்னு போய்க்கிட்டே இருக்கும். மத்தியான ப்ளைட்டுக்கு மொதநா ராத்திரியே கெளம்பிறணும். நாங்க புடிச்ச வேன்காரர் கண்டி தாண்டுனதும் ஏசி வேணும்னா தனிக்காசுன்னுட்டாரு, அந்தக் கூலியையும் சேத்துப் பாத்தா டிக்கட் மலிவுங்குற பேச்சே அடிபட்டுப் போகுது.

ஆனா 1977 இனக்கலவரத்துக்குப் பெறகு வவுனியா, கிளிநொச்சி பக்கம் போய்க் குடியேறுன நம்ம சொந்தங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புன 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துல அந்தப் பக்கம் போன சித்தப்பா பெரியப்பா புள்ளைங்கள பாக்க அவங்க இனி கொழும்புப் பக்கமே வர வேண்டியதில்ல.

நம்ம ஆளுங்க நல்லூர், நயினாதீவுன்னு ரெண்டு நாள் சுத்திட்டு ஏறுறதுன்னா தாராளமா ஏறுங்க. வாரதுக்கு மட்டும் கட்டுநாயக்காவுக்கே டிக்கட் போட்டுக்கங்க, மத்தியானம் பலாலியில எறங்குனா ஹட்டன் டவுனுக்கு வர நடுச்சாமம் ஆயிரும், அந்த நேரத்துல தோட்டத்துக்கு மேல ஏற ஒரு ஆட்டோகூட கெடைக்காது.