‘சப்போர்ட் முடிஞ்சுபோச்சு’ என்று நீட்டும் பில்: டர்பன் பக்கம் லேப்டாப் ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் தமிழ் வகுப்பின் லேப்டாப் ரிப்பேர் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. 2015இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ5, 5ஆம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். மெதுவாக இருந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது என்ற அறிவிப்பு திரையில் வந்ததும் பயந்துபோய்க் கடைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பியபோது கூடவே வந்தது 3,900 ரேண்டுக்கு ஒரு பில். அதில் நான்கு வரிகள்: விண்டோஸ் 11 லைசென்ஸ், 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான டிஸ்க்), வைரஸ் நீக்கம், பரிசோதனைக் கட்டணம். இந்த வரிகள் எந்தக் கடையின் பில்லிலும் வரக்கூடியவை. அதனால் கடைப்பெயரை விட்டுவிட்டு வரிகளை மட்டும் பிரித்துப் பார்க்கிறோம்.

முதலில் லைசென்ஸ். முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10 மெஷினில் விண்டோஸ் 11 ஏற்றினால் புதிதாக லைசென்ஸ் வாங்கவே வேண்டியதில்லை. பழைய டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டை வைத்து அடையாளம் காணப்படுகிறது. ஹோம் இருந்த இடத்தில் ஹோம், புரோ இருந்த இடத்தில் புரோ என்று ஏற்றினால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அப்படியானால் காசு வாங்கி எதைக் கொடுத்தார்கள்? செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது என்று இருக்கிறது. கோயில் வகுப்புக்கு ஏது நிறுவனம்? இது கேஎம்எஸ் எனப்படும், பெரிய அலுவலகங்களுக்கான முறை. 180 நாள்தான் செல்லும், அதற்குள் அலுவலக சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்த சர்வராக வேஷம் போடும் ஒரு திருட்டு நிரலை உள்ளே வைத்துவிட்டார்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடும் அல்லவா, அதற்காக ஒரு ஃபோல்டரையே சோதனையிலிருந்து விலக்கியும் வைத்திருந்தார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் விலக்குப் பட்டியல் இருக்கும். நீங்கள் சேர்க்காத எதுவும் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த நிரலை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, டிஸ்கை முழுதாகத் துடைத்து மறுபடி ஏற்றுவதே சரி.

இன்னொன்று. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி, இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்று நிபந்தனை உண்டு. 5ஆம் தலைமுறை மெஷினில் அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றத்தான் முடியும். அது குற்றமில்லை, வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்திருந்தால். சொல்லவில்லை. இப்படி ஏற்றிய மெஷினுக்கு மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை. மாதாந்திரத் திருத்தங்கள் பெரும்பாலும் வரும், ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், ஏற்றியிருந்தது கடையின் பழைய பென்டிரைவில் கிடந்த, விண்டோஸ் 11இன் 23எச்2 பதிப்பு. அதன் ஹோம், புரோ பதிப்புகளுக்கான ஆதரவு 2025 நவம்பர் 11ஆம் தேதியே முடிந்துவிட்டது. காலாவதியானதைக் கழற்றிவிட்டு, காலாவதியான இன்னொன்றை மாட்டியிருக்கிறார்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் பதிப்பு எண் தெரியும். கடையை விட்டு வெளியே வருமுன் பாருங்கள்.

எஸ்எஸ்டி போடச் சொன்னதில் தப்பில்லை. பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவில் உருப்படியானது அதுதான். சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுமாருக்குப் படிக்கும், பழைய டிஸ்கின் அதே சாட்டா இணைப்பில் மாட்டும் எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். ஆனால் மாட்டியது புதியதா? கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் பவர் ஆன் மணிநேரத்தை, அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய நேரத்தைப் பாருங்கள். புதியது என்றால் ஓரிலக்கத்தில், மிஞ்சினால் சில பத்தில் இருக்கும். இதில் 11,000க்கு மேல். யாருடைய மெஷினிலிருந்தோ கழற்றியது. சீர்செய்த பொருள் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008, எண் 68) 25ஆம் பிரிவு.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். பெரும்பாலானவை 7 மிமீ தடிமன். உங்கள் பழைய டிஸ்க் 9.5 மிமீ என்றால் புதியது ஆடாமலிருக்க 2.5 மிமீ பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். சிறு அட்டை வடிவில் வரும் எம்.2 எஸ்எஸ்டி பக்கம் போவதாக இருந்தால் எச்சரிக்கை: அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் எம்.2 துளை சாட்டா மட்டுமே ஏற்கும், என்விஎம்இ என்ற வேறு வகை எம்.2 எஸ்எஸ்டியை மாட்டினால் மெஷினின் கண்ணிலேயே படாது.

பழைய ஹார்ட் டிஸ்க் திரும்பி வரவில்லை. “வீசியாச்சு” என்று பதில். அதில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்கள் இருந்தன. அதே சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, ரிப்பேரில் கழற்றும் பாகங்களைக் கடை தனியாக எடுத்துவைத்து வாடிக்கையாளரிடமே திருப்பித் தர வேண்டும், வேண்டாம் என்று அவர் சொன்னால் ஒழிய.

வைரஸ் நீக்கம் என்ற வரிக்கு அதிகம் பேச வேண்டாம். டிஸ்கையே மாற்றிப் புதிதாக விண்டோஸ் ஏற்றிய பிறகு எந்த வைரஸை எங்கிருந்து நீக்கினார்கள்? இடித்துப்போட்ட வீட்டுக்கு வெள்ளையடித்த கூலி. பரிசோதனைக் கட்டணமோ, தொகையை முன்கூட்டியே சொல்லி நம் சம்மதம் வாங்கியிருந்தால் மட்டுமே செல்லும். 15ஆம் பிரிவு.

பயாஸ், அதாவது மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலை அப்டேட் செய்கிறோம் என்பார்கள் சில இடங்களில். உற்பத்தியாளர் கைவிட்ட மாடலுக்குப் புதிய பயாஸ் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். ஏற்கெனவே வெளிவந்த கடைசிப் பதிப்பை ஏற்றுவதானாலும் பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். செத்த பேட்டரியோடு சுவர் மின்சாரத்தை மட்டும் நம்பி ஆரம்பித்து, நடுவில் லோட் ஷெடிங் வந்தால் மெஷின் எழுந்திருக்காது. அப்போதும் மதர்போர்டு போச்சு என்பதை நம்பாதீர்கள், பயாஸ் சிப்பில் வெளியிலிருந்து திரும்ப எழுத முடியும். விண்டோஸின் பிட்லாக்கர் வசதி மறையாக்கிப் பூட்டிய டிஸ்க் என்றால் பயாஸில் கைவைத்ததும் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். கடைக்குப் போகுமுன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எண் இல்லையென்றால் கோப்புகளும் இல்லை.

அந்த லேப்டாப்புக்குச் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். விண்டோஸ் 10ஐ 22எச்2 பதிப்புக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்வதற்கான இணைப்பை அழுத்தினால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். அது வேண்டாமென்றால் 30 அமெரிக்க டாலர், ஒரு கணக்கில் 10 மெஷின் வரை. நிர்வாகி உரிமையுள்ள பயனராக நுழையாவிட்டால் இந்த இணைப்பு கைகொடுக்காது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அதற்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, 4 ஜிபி ராம் இருந்தால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே பூட் செய்து வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று நான்கையும் பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப் என்றால் முதலில் தெரியாது. கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி அதன் இணையத்தைக் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் இறக்கிக்கொள்ளலாம். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸோடு எம்17என் பொதியையும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும், வகுப்புக்கு வேறென்ன வேண்டும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ராம் அளவு, டிஸ்கின் சீரியல் எண், பேட்டரியின் கொள்ளளவு மூன்றையும் திரையோடு படமெடுத்து, மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாட்டிய பாகத்துக்கும் செய்த வேலைக்கும் அதே நுகர்வோர் சட்டத்தின் 57ஆம் பிரிவில் 3 மாத உத்தரவாதம் உண்டு, பில்லில் வாரன்டி இல்லை என்று முத்திரை குத்தியிருந்தாலும். தகராறு என்றால் முதலில் கடைக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சு சாட்சிக்கு வராது. மசியவில்லை என்றால் நுகர்வோர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஓம்பட்டில் புகார் கொடுக்கக் கட்டணமில்லை. பில், மதிப்பீடு, மின்னஞ்சல், ஆக்டிவேஷன் பக்கத்தின் படம், டிஸ்க் மணிநேரத்தின் படம் இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். விண்டோஸைத் துடைத்து மறுபடி ஏற்றுவது இந்தப் படங்களை எடுத்த பிறகுதான்.