இழுகயிறு இல்லாத ஸ்னோமொபைல்: பேட்டரியோடு பல குளிர்காலங்கள்

ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், சீட் எப்படி என்று கேட்கிறார்கள், சத்தம் வருமா என்று கேட்கிறார்கள். எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்யக் கயிறு இருக்கிறதா என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில், நிபிஸிங் ஏரிப் பக்கம் பல குளிர்காலமாக வண்டி ஓட்டுகிறேன். என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால் முதலில் அந்தக் கயிற்றைப் பற்றித்தான் பேசுவேன்.

என்னுடையது நான்கு ஸ்ட்ரோக், இரட்டைச் சிலிண்டர் வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வண்டியைப் பற்றி நல்ல வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது, இரண்டு ஸ்ட்ரோக் புகை நாற்றம் இல்லை, பின்னால் சாமான் சறுக்கு கட்டி இழுத்தாலும் திணறுவதில்லை. பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட். ஆனால் பொத்தான் மட்டும்தான். வேறு வழி கிடையாது. ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் மின் ஸ்டார்ட்டரோடு கயிறும் இருக்கும். பேட்டரி செத்துவிட்டாலும் நாலு இழுப்பில் எஞ்சினை எழுப்பிவிடலாம். நான்கு ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் அந்த வசதியே வைப்பதில்லை.

நம் ஊரில் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு உடனே தோன்றுவது, தள்ளி ஸ்டார்ட் செய்தால் என்ன என்பது. இதில் அது நடக்காது. பைக்கில் கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிவிடும். ஸ்னோமொபைலில் பெல்ட்டும் மையவிலக்கு கிளட்ச்சும்தான். எஞ்சின் நின்றிருக்கும்போது கிளட்ச் பெல்ட்டைப் பிடிக்கவே பிடிக்காது. எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனாலும் டிராக் (வண்டிக்கு அடியில் சுற்றும் பட்டை) உருளுமே தவிர எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றாது.

போன ஜனவரியில் உறைந்த ஏரியின் நடுவே, மீன்பிடிக் குடிலுக்கு வெளியே என் பேட்டரி கைவிட்டது. இரவு முழுவதும் வண்டி வெளியில் நின்றது. விடியும்போது மைனஸ் 27 டிகிரி செல்சியஸ். பொத்தானை அழுத்தியதும் டக் டக் டக் என்று ரிலே (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) துடித்தது, மீட்டர் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது, எஞ்சின் அசையவில்லை. ரிலேயின் அந்தத் துடிப்புக்கு பெரும்பாலும் அர்த்தம் ஒன்றுதான்: மின்சாரம் இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட்டரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. டெர்மினல் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் முதலில் இரண்டு போல்ட்டையும் இறுக்கிப் பார்த்தேன். மாற்றமில்லை. மல்டிமீட்டரை வைத்தால் 12.1 வோல்ட்.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது ரொம்ப முக்கியம். 12 வோல்ட் பேட்டரியில் 12.1 இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். என்னுடையது ஏஜிஎம், அதாவது மூடிய ஈய-அமில பேட்டரி வகை; அதில் முழு சார்ஜ் என்றால் ஏறத்தாழ 12.8. 12.1-க்கு வந்துவிட்டால் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதோடு குளிரும் சேர்கிறது. மைனஸ் 18-இலேயே ஈய-அமில பேட்டரியின் பலம் அறை வெப்பத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட்டருக்கு வேலை கூடுகிறது. பலம் குறையக் குறைய பாரம் கூடுகிறது.

அன்றைக்கு உதவியது சூடு. பேட்டரியைக் கழற்றி (எப்போதும் கறுப்பு வயரை முதலில், சிவப்பைப் பிறகு) குடிலுக்குள் கொண்டுபோய் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தேன். புரொபேன் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரக்கூடும். நெருப்பிலிருந்து நன்றாகத் தள்ளியே வையுங்கள். பிறகு பக்கத்துக் குடில்காரர் தன் லித்தியம் பூஸ்டரை (தீர்ந்த பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்கக் கருவி) கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். உடம்போடு வைத்திருந்ததால் அது வேலை செய்தது. சறுக்குப் பெட்டியில் இரவெல்லாம் கிடந்திருந்தால் அதுவும் பேட்டரியைப் போலவே சோர்ந்திருக்கும். சிவப்புக் கிளிப் பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு பேட்டரிக்குத் தள்ளி எஞ்சினின் வெறும் உலோகத்தில். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் காற்றில் கரைவரை நடப்பது சாதாரண விஷயமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உறைந்துபோன பேட்டரிக்கு சார்ஜரும் பூஸ்டரும் மாட்டவே கூடாது. முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50-இலும் உறையாது. தீர்ந்துபோனது மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்துவிடும், ஏனென்றால் அதற்குள் அமிலம் போய் ஏறத்தாழ தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். பக்கவாட்டில் வீங்கியோ விரிசல் விட்டோ இருந்தால் அது வெடிக்கக்கூடியது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேறு வழி பாருங்கள்.

பேட்டரி ஏன் தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோது காரணம் பயன்பாட்டில்தான் இருந்தது. கரையிலிருந்து குடிலுக்குப் பத்து நிமிட ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஸ்டார்ட், பனிக்கட்டியில் மீன் பிடிக்கத் துளைத்த அடுத்த ஓட்டைக்கு நகர்தல். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பேட்டரியிலிருந்து அள்ளிக்கொண்டு போகிறது. ஐடிலில் ஓடும்போது உற்பத்தியாகும் மின்சாரம் பெட்ரோல் பம்ப், விளக்கு, கைப்பிடி ஹீட்டர், கட்டைவிரல் ஹீட்டர் ஆகியவற்றுக்கே சரியாகப் போய்விடும். நீண்ட டிரெயிலில் மணிக்கணக்காக ஓட்டுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை அபூர்வம். தூண்டில் போடப் போகிறவர்களுக்குத்தான் அடிக்கடி வரும். பூஸ்டரில் ஸ்டார்ட் ஆனதும் அப்படியே ஐடிலில் விட்டால் சார்ஜ் ஏறிவிடும் என்று நினைப்பதும் இதே காரணத்தால் தப்பு. ஹீட்டர்களை அணைத்துவிட்டு நேராகக் கரைக்கு ஓட்டுங்கள், வீட்டில் சார்ஜரில் போடுங்கள்.

இப்போது ஷெட்டில் நிற்கும் நேரமெல்லாம் ஸ்மார்ட் சார்ஜர் மாட்டியே இருக்கிறது. என் பேட்டரி 18 ஆம்பியர்-மணி. அதற்கு 2 ஆம்பியருக்குள் கொடுக்கும் சிறிய சார்ஜர்தான் சரி. கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரை வைத்து அவசரப்படுத்த வேண்டாம். இரவு தங்கல் என்றால் பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்துவைக்கிறேன். கையுறையோடு போல்ட்டைத் திருகுவது தொல்லைதான், ஆனால் காலையில் பொத்தானை அழுத்தும்போது கிடைக்கும் நிம்மதி அதைவிடப் பெரியது. ஆயில் 0W-40 சிந்தெடிக் மட்டும். பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து அழுத்துவதில்லை. அரை நிமிடம் ஆறவிட்டுத்தான் மறுபடி. ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முழு சார்ஜில் இருந்தும் அப்படி என்றால், அந்த பேட்டரியின் காலம் முடிந்தது. சீசன் நடுவில் அதை நம்பி ஏரிக்குப் போகக் கூடாது.

எடை குறைவு என்று லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மலைச்சரிவில் பவுடர் பனியில் ஓட்டுபவர்களுக்கு அந்த எடை முக்கியம், எனக்கு இல்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களை பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்வது அவற்றுக்கே கெடுதல். எங்கள் ஊரில் ஜனவரி முழுக்க பூஜ்ஜியத்துக்குக் கீழேதான். ஏஜிஎம் போதும்.

பேட்டரியே வேண்டாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. ஸ்கி-டூ என்ற பிராண்டின் சில ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் வரும் ஷாட் ஸ்டார்ட்டரில் பேட்டரிக்குப் பதில் அல்ட்ரா கப்பாசிட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம். காலையில் கயிற்றை இழுத்து எழுப்ப வேண்டும், அதன்பின் சிறிது நேரம் நிறுத்தி எடுக்கும்போது பொத்தானே போதும். நாள் முழுக்கக் குடிலில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பும்போது மறுபடி கயிறுதான். வலுவான தோள் இருக்கிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. அறுபதைத் தொட்டவர்களுக்கு, மைனஸ் 25-இல் பெரிய எஞ்சினை இழுப்பது எளிதல்ல. அவர்கள் மின் ஸ்டார்ட்டே வாங்கட்டும், கூடவே ஒரு பூஸ்டரும் வாங்கி அதைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளட்டும்.