அங்கன்வாடியா, கம்பெனி காப்பகமா, டே கேரா? வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பிள்ளையை எங்கே விடுவது என்று யோசிக்கும்போது எல்லோரும் முதலில் கட்டணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். எந்த வயதில் சேர்ப்பார்கள், எத்தனை மணி வரை பார்த்துக்கொள்வார்கள் என்ற இரண்டையும் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பேறுகால விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே கொஞ்சம் எடுத்துவிட்டால், வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு ஆறு மாதம்கூட நிறைந்திருக்காது. தமிழ்நாட்டு அங்கன்வாடியில் பிள்ளையை உட்காரவைப்பதோ இரண்டு வயது முடிந்த பிறகுதான். அதுவரை சத்துமாவு வீட்டுக்கு வரும், பார்த்துக்கொள்ள ஆள் வராது. பல பெண்கள் வேலையை விட்டுவிடுவது இந்த ஒன்றரை வருடத்தில்தான்.

இரண்டு வயதுக்கு மேல் அங்கன்வாடிக்கு ஈடு கிடையாது. தெருக்கோடியில் இருக்கும், செலவில்லை, சூடான சாப்பாடு, முட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. சிக்கல் நேரம்தான். மாலைக்குள் பூட்டிவிடுவார்கள், திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிறது. டீச்சர் எடை பார்க்க வேண்டும், வீடுவீடாகப் போக வேண்டும், போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியில் பதிய வேண்டும். ஆயா அடுப்படியில் இருப்பார். இந்த இருவரிடமே கைக்குழந்தைகளையும் ஒப்படைத்தால் யாருக்கும் கவனிப்பு கிடைக்காது.

கம்பெனி காப்பகத்தின் பெரிய பலம் தாய்ப்பால். 50 பேராவது வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம். பழைய தொழிற்சாலைச் சட்டம் காப்பகம் வேண்டுமா என்று பார்க்கப் பெண்களை மட்டும் எண்ணியது. அதனால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்க ஒரு காரணம் இருந்தது. மொத்த ஆட்களை எண்ணுவதே நியாயம். ஆனாலும் பல காப்பகங்களில் தொட்டில் காலியாகவே கிடக்கிறது. கம்பெனி பஸ்ஸில் நெரிசலுக்கு நடுவே ஒரு மணி நேரம் கைக்குழந்தையோடு வருவது யாரால் முடியும்? வேலையிடத்தைவிட, தொழிலாளர் குடியிருக்கும் பகுதியில் நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் காப்பகம்தான் நிரம்பும்.

தனியார் டே கேரில் வயதும் நேரமும் ஒத்துவரும், பணம்தான் இடிக்கும். சொல்லும் கட்டணத்தில் சாப்பாடு, கூடுதல் நேரம், சனிக்கிழமை அடங்குமா என்று கேளுங்கள். பார்க்கப் போவதானால் காலை பதினோரு மணிக்குப் போகாதீர்கள், மதியம் இரண்டரைக்குப் போங்கள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஆட்களைக் குறைத்துவிடுவார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துப் பேருக்கு ஓர் ஆளாவது விழித்திருக்கிறாரா, பால் புட்டியில் பெயரும் நேரமும் எழுதியிருக்கிறதா, மாலையில் யார் வந்து கேட்டாலும் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்களா என்று பாருங்கள்.

அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்தும் ஒன்றிய அரசின் பால்னா திட்டம் சரியான திசை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம், மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேலை எட்டு மணி, சாப்பாட்டு இடைவேளை அரை மணி, போக வர ஒரு மணி, ஆக ஒன்பதரை. குறையும் இரண்டு மணி நேரத்துக்கு மாலையில் தனிச் சம்பளத்தில் இன்னோர் ஆள் போட்டால் போதும். கட்டடம், சமையலறை, தண்ணீர் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பழைய தேசியக் காப்பகத் திட்டத்தில் வருமானத்துக்கு ஏற்ப மாதம் 20 முதல் 200 ரூபாய் வரை வாங்கினார்கள். அந்த முறையை மாலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.