ஷேர்டு ஹோஸ்டிங் ரிவ்யூ: சர்வர் ஓகே, சப்போர்ட் சுத்த மோசம்

கம்பெனி பேர் வேணாம் விடுங்க. விலை கம்மியான லினக்ஸ் ஷேர்டு பிளான் (ஒரே சர்வர்ல பல பேரோட சைட்டு இருக்கும்), சிபேனல் (சைட்ட பாத்துக்குற கன்ட்ரோல் பேனல்) உண்டு, எஸ்எஸ்எல் (https பூட்டு) ஃப்ரீ. மாமாவோட பாத்திரக்கடை சைட்டு இதுல தான் ஓடுது, வேர்டுபிரஸ்ங்கிற சைட்டு கட்டுற சாஃப்ட்வேர்ல செஞ்சது. ஸ்பீடுல இந்த காசுக்கு குறை சொல்ல முடியாது.

திடீர்னு ஒரு நாள் காலைல சைட்டு மொத்தமும் வெள்ளையா நிக்குது, சில பேஜ்ல 500 எரர் (சர்வர் பக்கம் ஏதோ கோளாறுன்னு அர்த்தம்). சாட்ல கேட்டா "சார் சர்வர் நல்லா இருக்கு, உங்க ஸ்கிரிப்ட் தான் பிரச்சனை, டெவலப்பர பாருங்க"ன்னு காப்பி பேஸ்ட் பதில். சரிங்க, எந்த ஸ்கிரிப்ட், எந்த லைன்? மறுபடி அதே பதில். நானே ஃபைல் மேனேஜர்ல போய் பாத்தேன், பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள்ள எரர் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், அதை தொறந்து கடைசி லைன பாத்தா பழைய ஃபார்ம் பிளகின் (வேர்டுபிரஸ்ல சேக்குற கூடுதல் சாஃப்ட்வேர்) கூப்பிடுற create_function-ங்கிறது இல்லவே இல்லன்னு ஃபேட்டல் எரர், ஃபைல் பேர், லைன் நம்பரோட. அந்த ஃபங்ஷன பிஎச்பி (வேர்டுபிரஸ் எழுதியிருக்குற மொழி) 8லயே தூக்கிட்டாங்க. அதாவது இந்த ஹோஸ்டிங்காரங்க ராத்திரியோட ராத்திரியா பிஎச்பிய 7.4ல இருந்து 8க்கு மாத்திட்டு ஒரு மெயில் கூட போடல! 7.4க்கு 2022 நவம்பரோட செக்யூரிட்டி அப்டேட்டே நின்னு போச்சு, மாத்துனது நியாயம் தான், சொல்லிட்டு மாத்தக்கூடாதா?

சிபேனல்லயே வெர்ஷன் மாத்துற ஆப்ஷன் இருக்கு, 7.4 போட்டதும் சைட்டு வந்துருச்சு, அப்புறம் அந்த பிளகின தூக்கி கடாசிட்டு 8க்கே போயாச்சு.

500 வந்தா ஃபைல் பர்மிஷன 777 (யார் வேணா படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்) ஆக்குன்னு யூடியூப்ல சொல்றத கேக்காதீங்க, இந்த மாதிரி சர்வர்ல பல நேரம் அதுவே 500 தரும். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644, அவ்ளோதான்.

இன்னொண்ணு 508 எரர். அது நம்ம அக்கவுன்ட்டுக்கு குடுத்த சிபியு, மெமரி மாதிரி லிமிட் முட்டுனா வர்றது. அதுக்கும் சாட்ல "ஸ்கிரிப்ட் பிரச்சனை, மேல் பிளான் எடுங்க"ன்னு விக்க பாக்குறாங்க. ரா ஆக்சஸ் லாக்க (சைட்டுக்கு யார் யார் வந்தாங்கன்னு சர்வர் எழுதி வைக்கிற பதிவு) பாத்தா ஏதோ ஒரு பாட் (தானா ஓடுற புரோகிராம்) லாகின் பேஜ போட்டு அடி அடின்னு அடிச்சுட்டு இருக்கு, அது வர்ற ஐபி அட்ரஸ பிளாக் பண்ணதும் சரியாயிடுச்சு. காசு மிச்சம்.

சர்வருக்கு 4 ஸ்டார், சப்போர்ட்டுக்கு 1, அதுவும் ராத்திரி 2 மணிக்கும் சாட்ல ஆள் இருக்குறதால. வாங்குறதுன்னா ரினியூவல் ரேட்ட பாத்துட்டு வாங்குங்க, முதல் வருஷ விலை அடுத்த வருஷம் இருக்காது.